மஞ்சள் தாளில் ஒன்பது பக்கங்கள்

1

இந்தக் கதையை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் கலையார்வம் அன்று. முப்பத்தோராண்டுகளாக உடன் வாழும் மனைவியிடம் நேரில் சொல்ல நா எழாத ஒரு செய்தி என்னிடம் இருந்தது. நா எழாதவிடத்து எழுதுகோல் எழும். எழுதி, அவள் மேசையில் வைத்துவிட்டு, காலாற நடக்கப் போய்விடலாம் என்று திட்டமிட்டேன். ஆகவே இக்கதைக்கு முதலில் இருந்த வாசகர் அவள் ஒருத்தியே. நீங்கள் பின்னால் வந்தீர்கள். வந்தது மகிழ்ச்சி, அமருங்கள்.

முதல் தொடக்கம் இப்படி அமைந்தது:

"காணும் கண்ணும் கண்ணுக்குள் ஒளியுமாய் நின்ற பெருமானே, கண்ணிருந்தும் காணாத ஒருவன் கதைக்குக் காப்பாக வருக."

காப்புச் சொல்லாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லாதவன் நான். ஆயினும் இது துப்பறியும் கதை. காப்பிலேயே குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது முறையன்று. அடித்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு முற்பகலில் தொலைபேசி ஒலித்தபோது அவன் தன்

இப்படித் தொடங்கும் கதைகளைப் பற்றி என் மனைவி ஒரு நூலே எழுதியிருக்கிறாள். வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "குற்றவாளி நானே."

இது உண்மை. உண்மையாக இருப்பதொன்றே இதன் குறை. இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

[மூணும் வேண்டாம். நேரா விஷயத்துக்கு வாங்க.]

சதுர அடைப்புக்குள் வருபவை அவள் பச்சைப் பென்சிலால் என் கையெழுத்துப் படியின் ஓரத்தில் எழுதியவை. அவற்றை நீக்க எனக்கு அனுமதியில்லை.

2

விஷயம் இது. நான் பழம்பாடல்களுக்குப் பாடம் பார்ப்பவன். ஒரே பாடலின் பல படிகளை அருகருகே விரித்து, படியெடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் மாற்றிய சொல் எது, தம் புலமையைக் காட்டச் செருகிய சொல் எது என்று களைந்து, புலவர் பாடிய சொல்லைத் தேடுவது என் பிழைப்பு. காலையில் பதிகம் ஒன்றை வாய்விட்டு ஓதாமல் மேசைக்குப் போவதில்லை. ஓதும்போதும் மனம் "இங்கே ஓர் அசை மிகுகிறதே" என்று முணுமுணுக்கும். இறைவன் பொறுத்துக்கொள்கிறான்.

என் மனைவி வரலாற்றுப் பேராசிரியர். தொலைக்காட்சியின் வரலாறு, அதிலும், துப்பறியும் நாவல்கள் தொலைக்காட்சித் தொடர்களாக உருமாறிய வரலாறு. மாணவர்கள் அவளைத் 'துப்பு மேடம்' என்பார்கள். அவள் இந்தப் பொருளை எடுத்தபோது அவளுடைய நெறியாளர் கேட்டாராம்:

"அதுல ஆராய என்னம்மா இருக்கு? போட்டுப் பார்த்தா முடிஞ்சுது."

"போட்டுப் பார்க்க முடியாதுங்க ஐயா. அழிச்சுட்டாங்க."

அழித்துத்தான் விட்டார்கள். அந்நாளில் ஒளிநாடா அரிதாகையால், ஒளிபரப்பு முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். ஒரு கொலை நடந்த இடத்தில் மறுவாரம் கேக் வெந்துகொண்டிருக்கும். என் ஏடுகளைச் செல் அரித்தது. அவளுடையவற்றைச் சமையல் நிகழ்ச்சி அரித்தது. எங்கள் திருமணப் பொருத்தம் இவ்வளவுதான். இதற்கு மேல் யாரும் எதையும் பார்க்கவில்லை.

அவள் பெயர் நிலைத்தது ஒரே ஒரு தொடரால். எட்டு வாரம் ஓடிய அந்தத் தொடரின் கடைசிப் பகுதி முடிந்ததும் அறிவிப்பாளர் திரையில் தோன்றி, "மறு ஒளிபரப்பு உண்டு, பார்க்காதவர்களிடம் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்" என்று கைகூப்பினார். ஊரே அந்த வேண்டுகோளைக் காத்தது. செய்தித்தாள்கள் எழுதவில்லை. நிலையத்துக்கு வந்த நேயர் கடிதங்கள் இருநூற்றுப் பதினான்கில் ஒன்றிலேனும் கொலையாளியின் பெயர் இல்லை. 'முடிவு அபாரம். யார் என்று எழுதமாட்டேன்' என்றே எல்லாரும் எழுதினார்கள். மறு ஒளிபரப்போ நடக்கவில்லை. நாடா வழக்கம்போலச் சமையலுக்குப் போயிற்று. மரியாதை மிக்க ஓர் ஊர், ஒரு முடிவை வரலாற்றிலிருந்தே மறைத்துவிட்டது.

மூல நாவலில் கொலையாளி மருத்துவர். தொடரில் யார்?

என் மனைவியிடம் இருவகைச் சான்றுகள் இருந்தன. ஒன்று, படப்பிடிப்புக்கான வசனப் படியின் நகல். அதில் கொலையாளி, வீடு வீடாகச் சென்று கடிகாரம் பழுதுபார்ப்பவர். மற்றொன்று, அந்நாளில் தொடரைப் பார்த்த பதினான்கு பேரின் வாய்மொழி. பதினொருவர் 'மருத்துவர்' என்றார்கள், மூவருக்கு நினைவில்லை. எதை நம்புவது? மணமாகி ஆறு மாதமே ஆகியிருந்த அவள், புதுக் கணவனின் புலமையில் இருந்த நம்பிக்கையால், என்னைக் கேட்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் துறையின் பழைய விதியை எடுத்து ஓதினேன்:

"இரண்டு பாடம் இருந்தால் எளியதை நம்பாதே. படியெடுப்பவன் கடினமானதை எளிதாக்குவான். எளிதானதைக் கடினமாக்க மாட்டான். அந்தப் பதினொரு பேரும் நாவலைப் படித்தவர்கள். நாவல் அவர்கள் நினைவை எளிதாக்கிவிட்டது."

[இவ்வளவு சுத்தமாவா பேசினீங்க? வாயில முறுக்கு இருந்துச்சு.]

அவள் நூலின் நான்காம் அத்தியாயம் அப்படிப் பிறந்தது: 'விருந்தாளியே கொலையாளி'. ஒவ்வொரு கூடத்துக்குள்ளும் தடையின்றி வந்துபோகும் ஒருவனைக் கொலையாளியாக்கியதன் மூலம், ஒவ்வொரு கூடத்துக்குள்ளும் தடையின்றி வந்துவிட்ட தொலைக்காட்சி தன்னையே கூண்டில் நிறுத்திக்கொண்டது என்பது அதன் வாதம். அழகான வாதம். அவளுடைய மாணவர்களின் மாணவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பதினொருவரின் சாட்சி ஓர் அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில், அடங்கிப்போனது.*

(* அடிக்குறிப்பில் அடக்குவது என்பது அறிஞர்கள் மட்டும் அறிந்த கொலைமுறை. இரத்தம் வராது.)

3

அவள் ஓய்வு பெறப் பதினேழு நாள்கள் இருந்தன. விடைபெறும் உரைக்கு அவள் கொடுத்திருந்த தலைப்பும் 'விருந்தாளியே கொலையாளி' என்பதே. நூலின் இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் இருந்தது. அப்போதுதான் அந்தத் தொலைபேசி ஒலித்தது. (இரண்டாம் தொடக்கத்தை முற்றிலும் வீணாக்க மனமில்லை.)

பேசியவர் பல்கலைக்கழக ஆவணக் காப்பாளர். அந்தத் தொடரில் வேலை பார்த்த ஒரு பெண்மணி சிறிய வீட்டுக்குக் குடிமாறுவதால், தம் பழைய பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். எல்லாரும் அவரைக் 'கன்டினியூட்டி அக்கா' என்று அழைப்பார்கள். கேமராவின் அருகில் உட்கார்ந்து, முன் காட்சியில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று குறிப்பதும், ஒவ்வொரு காட்சியும் எத்தனை விநாடி ஓடியது என்று நிறுத்துக்கடிகாரம் பார்த்து எழுதுவதும் அவர் வேலை.

நானும் உடன் போனேன். பேனாவுக்கு அனுமதியில்லாத குளிர்ந்த அறை. பழைய தாளைச் சாய்த்து வைக்கப் பஞ்சுத் திண்டு. என் மனைவி அக்காவின் வசனப் படியைத் திண்டின் மேல் கிடத்தி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முதல் இருநூற்று இருபது வரை வெள்ளைத் தாள். அதற்கு அடுத்து, மீண்டும் இருநூற்றுப் பன்னிரண்டு முதல் இருநூற்று இருபது வரை. இந்த ஒன்பதும் மஞ்சள்.

வெள்ளையில் கொலையாளி மருத்துவர். மஞ்சளில் கடிகாரக்காரர்.

"என்னங்க."

"ம்."

"வெள்ளையில ஒவ்வொரு ஷாட்டுக்கும் பென்சில்ல விநாடி போட்டிருக்காங்க. மஞ்சள்ல ஒரு கோடு கூட இல்ல."

நான் மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ எடுத்தது வெள்ளைய. மஞ்சள எடுக்கவே இல்ல."

காப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்னாச்சு மேடம், ஏதாவது பூச்சி கீச்சி இருக்கா?"

"இருக்கு சார். என்னோட நாலாவது அத்தியாயத்துல."

இவ்விடத்தில் முதற்படியில் 'அவள் முகம் வெளிறியது. கைகள் நடுங்கின' என்று எழுதியிருந்தேன்.

[பொய். பென்சில் சீவி கேட்டேன்.]

ஆம், பென்சில் சீவி கேட்டாள். சீவி வாங்கி, கூர்மையாக்கி, வெள்ளைத் தாளில் இருந்த விநாடிகளையெல்லாம் குறிப்பேட்டில் படியெடுக்கத் தொடங்கினாள். வெளிறியவன் நான். எழுதுகிறவன் தன் முகத்தைப் பாத்திரத்தின் மேல் ஒட்டிவிடுவது ஒரு பழைய இடைச்செருகல்.

4

மறுநாள் அக்காவின் புதிய வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி. பிரிக்காத பெட்டிகளின் மேல் தலையணைகளை வைத்து எங்களை உட்காரவைத்தார். என் மனைவியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்; நாங்கள் உட்கார்ந்ததும் நான் எந்தக் கால்மேல் எந்தக் கால் போட்டிருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டார். தொழில் விடாது.

"மஞ்சத் தாளா? அது பொய் முடிவும்மா. நடிகருங்கள்ல ரெண்டு பேருக்கு வாய் நிக்காது. அதனால எல்லாருக்கும் மஞ்சள்ல ஒரு முடிவு அடிச்சுக் குடுத்தோம். ஷூட்டிங் அன்னைக்குக் காலையில வெள்ளைத் தாளக் கையில குடுத்து, இதான் நெஜம்னோம்."

"கடிகாரக்காரரா நடிச்சவர்?"

"ஐயோ பாவம், அந்த மனுஷன். வீட்ல போய் நான்தான் கொலைகாரன்னு குதிச்சிருக்கார். வெள்ளைத் தாளப் பார்த்ததும் அன்னைக்கு டீ கூடக் குடிக்கல. 'இத நீங்களே வச்சுக்குங்க'ன்னு வெள்ளையக் கிழிச்சு என் மேசையில போட்டுட்டு, மஞ்சள மட்டும் எடுத்துட்டுப் போயிட்டார்."

என் மனைவி பெருமூச்சு விட்டாள். அவளுக்கு முப்பத்தோராண்டுக்கு முன் வசனப் படியை ஒரே ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தவர் அந்த நடிகர்தான். "கடைசிப் பக்கத்தப் படிச்சுப் பாரும்மா, நான் யாருன்னு தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். இப்போது அவர் இல்லை.

"அக்கா, என் புத்தகத்த நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேனே. ரொம்ப நல்லா எழுதியிருந்தே."

"நாலாவது அத்தியாயம் தப்புன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுதே."

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"முடிவ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்களேம்மா."

"அது ஒளிபரப்பாகிற வரைக்குந்தானே?"

"அப்படின்னு அதுல போடல."

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "பெட்டி சொன்னா, அது நான் சொன்ன மாதிரி ஆகுமாங்க?"

"ஆகாது" என்றேன். பாடம் பார்ப்பவன் என்ற முறையில் நான் அந்த வாரத்தில் சொன்ன ஒரே சரியான தீர்ப்பு அது.

திரும்பும் பேருந்தில் என் மனைவி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுதான் இடிக்குது" என்றாள். "நான் பார்த்தது ஜெராக்ஸ். அதுல மஞ்சள் ஏது, வெள்ளை ஏது? கடைசி ஒன்பது பக்கம் மட்டும் கொஞ்சம் கருப்படிச்சிருக்கும். மிஷின்ல மை சிந்திடுச்சுன்னு நெனச்சேன். அந்தக் கடைக்காரராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் கையில் இருந்த பயணச்சீட்டை நான்காக மடித்தேன். பிறகு எட்டாக.

5

இந்தப் பகுதியை எழுதவே மற்ற நான்கையும் எழுதினேன்.

கடைக்காரர் சொன்னார். என்னிடம் சொன்னார்.

அன்று அவளுக்கு நான்கு வகுப்புகள், கட்டைப் பிரித்துப் பார்க்கவும் நேரமில்லை. மாலைக்குள் படியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். "நான் போய் எடுத்து வருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு நான்தான் நகல் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடைசிப் பக்கங்களைக் கண்ணாடியின் மேல் வைக்கும் முன் தூக்கிக் காட்டி, "சார், இந்தப் பக்கமெல்லாம் கலர் வேற. கொஞ்சம் கருப்பா விழும், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். மஞ்சள். ஐயத்துக்கு இடமில்லாத மஞ்சள். ஆனால் நான் யார்? பழுத்துப்போன தாள்களுக்கிடையே வாழ்பவன். தாள் மஞ்சளாக இருந்தால் அது வயதானது என்பதற்கு மேல் எனக்கு ஒரு பொருளும் தோன்றவில்லை. அதே கட்டில் மற்ற இருநூற்றுப் பதினொரு தாளும் வெள்ளையாக இருக்க, ஒன்பது தாளுக்கு மட்டும் எப்படி முதுமை வரும் என்று ஒரு பள்ளிப்பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி என் மனத்தில் எழவில்லை.

"எழுத்து தெரிஞ்சா போதும்" என்றேன்.

என் வாழ்நாள் கொள்கையே இந்த மூன்று சொற்களில் அடங்கும். வீட்டுக்கு வந்து நகலைக் கொடுத்தேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஏதும் இருப்பதாக நினைக்காததால். பிறகு அதே நாக்கால் 'கடினமான பாடத்தை நம்பு' என்று விதியும் ஓதினேன். சான்றைக் கெடுத்தவனும் நான். தீர்ப்பை எழுதிக் கொடுத்தவனும் நான். ஆவணக் காப்பகத்தில் மஞ்சளைக் கண்ட கணத்தில் எனக்கு அந்தக் கடை, அந்தக் கண்ணாடி, அதன் கீழே ஓடிய பச்சை ஒளி எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. பேருந்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், ஒரு கடைக்காரர் மேல் பழி விழ விட்டுவிட்டேன்.

இங்கே முதற்படி முடிந்தது. பின் குத்தி, அவள் மேசையில் வைத்து, அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு, நடக்கப் போனேன். வழக்கமாக இரண்டு சுற்று நடப்பவன் அன்று ஐந்து சுற்று நடந்தேன்.

6

திரும்பி வந்தபோது அவள் என் கதைக்குப் பச்சைப் பென்சிலால் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புலவரே, அஞ்சு சுத்தா? மூச்சு வாங்குது."

"படிச்சிட்டியா?"

"அஞ்சாவது பகுதிதான் கதை. மத்ததெல்லாம் பாயிரம்."

"கோவமா?"

"இது எனக்கு முன்னாடியே தெரியுங்க."

நான் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு எனக்கு நாலு வகுப்பு. கடைக்குப் போனது நீங்க. பஸ்ல நான் கடைக்காரரச் சொன்னதும் டிக்கெட்ட எட்டா மடிச்சீங்க. முப்பது வருஷமா துப்பறியும் கதை படிக்கிறவகிட்ட இப்படியா மாட்டுவீங்க? எப்ப சொல்றீங்கன்னுதான் பார்த்துட்டிருந்தேன். சரியா எட்டு நாள்."

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரப் படைப்பில் ஓர் ஐயம் உண்டு. முப்பத்தோராண்டு உழைப்பின் நடுத்தூண் சரிந்த ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா? அவளையே கேட்டேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"முதல் ரெண்டு நாள் வலிச்சுது. அத்தியாயம் போச்சேன்னு இல்ல. அந்தப் பதினொரு பேர நெனச்சு. ஞாபகமா, பொறுமையா, நெஜத்தச் சொன்னாங்க. நான் டீ குடுத்துக் கேட்டுட்டு வந்து, உங்களுக்கு ஞாபகம் கலங்கிடுச்சுன்னு எழுதிட்டேன்."

பதினொருவரில் நால்வர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். நால்வருக்கும் தொலைபேசியில் பேசிவிட்டாள். அவர்களில் ஒருவரான பல் மருத்துவர், "நான் அன்னைக்கே அடிச்சுச் சொன்னேனேம்மா டாக்டர்னு. எங்க தொழில்காரன் மேல பழி விழுது, எனக்கு மறக்குமா?" என்றாராம்.

நான் மெல்ல ஒரு வழி சொன்னேன். "இரண்டாம் பதிப்புல சின்னதா ஓர் அடிக்குறிப்பு போட்டா போதாதா? உரைக்கு வேற தலைப்பு மாத்திக்கலாம்."

"சத்தமில்லாம மாத்திட்டுப் போறதா? ஏடு படியெடுத்தவங்க செஞ்சா அதுக்குத்தானே இடைச்செருகல்னு பேரு வச்சு நாப்பது வருஷமா திட்டுறீங்க?"

அவள் தொடர்ந்தாள். இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டாள். நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதப்போகிறாள்: ஒரு நிலையம் நடிகர்களிடம் பொய் முடிவைக் கொடுத்து உண்மையைக் காத்தது, ஓர் ஊர் வாயை மூடி அதைக் காத்தது, ஒருத்தி கையெழுத்துக்காக நாற்பதாண்டு காத்தாள், இத்தனை பேர் காத்த ஒன்றை ஓர் ஆராய்ச்சியாளர் எப்படித் தொலைத்தார் என்பதுதான் பொருள். பேசப் பேச அவள் முகத்தில், எனக்குப் புதிய ஏடு கிடைத்த நாள்களில் என் முகத்தில் வரும் ஒளி வந்தது. அதைக் கண்டபின் துன்பியலாக எழுதிக்கொண்டிருந்த இந்தக் கதையின் சுருதியை நானும் இறக்கிக்கொண்டேன். பிழையைக் காட்டியருளும் பெருமான் பிழைத்தவர்க்கு வேலையையும் கொடுத்துவிடுகிறான்.

"உரையில என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"துப்பறியும் கதையோட கடைசிக் காட்சில என்ன நடக்கும்? எல்லாரையும் ஒரே அறையில உட்காரவைப்பாங்க. அப்புறம் கை நீட்டுவாங்க."

"யார நோக்கி?"

"வந்து பாருங்க."

7

அரங்கம் நிறைந்திருந்தது. அக்கா முதல் வரிசையில், அவருக்கு அருகில் அந்த நால்வர். நான் நான்காம் வரிசையில் மூன்றாம் நாற்காலி. என் மனைவி மேடையேறி, "இந்தத் தலைப்பில் நான் எழுதிய அத்தியாயம் தவறு" என்ற வாக்கியத்தோடு உரையைத் தொடங்கினாள். காப்பாளரின் அனுமதியோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் தாள்களை உயர்த்திக் காட்டி, நடந்ததையெல்லாம் நாற்பது நிமிடம் சொன்னாள். கடைசியில், "இனி, குற்றவாளி" என்று நிறுத்தினாள். இதுவரை ஐயமில்லாத பாடம். இதற்கு மேல் இரண்டு பாடங்கள் உள்ளன.

முதற்பாடம்:

அவள் கையை நீட்டவில்லை. தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். "விதியை யாரும் கொடுக்கலாம். நகலை யாரும் எடுக்கலாம். பதினொரு மனிதர்களின் கண்ணைப் பார்த்தவள் நான் மட்டுமே. பார்த்த பிறகும் தாளை நம்பினேன்." பிறகு பதினொரு பெயரையும், இம்முறை உரத்த குரலில், ஒவ்வொன்றாகப் படித்தாள். நால்வர் எழுந்தார்கள். அரங்கமும் எழுந்தது. என் பெயர் எங்கும் வரவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாடம்:

அவள் கையை நீட்டினாள். "நாலாவது வரிசை, மூணாவது நாற்காலி. புலவரே, கொஞ்சம் எழுந்திரிங்க." எழுந்தேன். அவள் ஒரு தாளை உயர்த்தினாள். "இது என்ன நிறம்?" "மஞ்சள்" என்றேன். "முப்பத்தொரு வருஷம் லேட்" என்றாள். அரங்கம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. முதல் வரிசையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிற்கையில் எனக்கு வெட்கமே தோன்றவில்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவன் தன் பெயரைப் பொறித்துவிட்டு இறங்குவானே, அந்த நிம்மதி.

இவற்றுள் ஒன்றை வெள்ளைத் தாளிலும் மற்றொன்றை மஞ்சள் தாளிலும் எழுதி இதழாசிரியருக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் அழைத்து, தம் இதழ் கருப்பு மையில் மட்டும் அச்சாவதால் நிறம் வராது என்று வருந்தினார். "பரவாயில்லையா சார்? எழுத்து தெரிஞ்சா போதும்ல?" என்றும் கேட்டார். இம்முறை நான் சற்று நேரம் யோசித்துத்தான் சரி என்றேன்.

கடினமான பாடத்தை நம்புங்கள் என்று உங்களுக்குச் சொல்லும் உரிமை எனக்கு இனி இல்லை. எது கடினம் என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. அன்று அரங்கில் இருந்தவர்களை மட்டும் கைகூப்பி வேண்டுகிறேன்: இல்லாதவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். என்னைக் கேட்டும் பயனில்லை. எது மஞ்சள் என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் மனைவி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கதை அச்சாகும் வரைக்குந்தானே என்று ஆவலோடு அதைப் புரட்டிப் பார்த்தேன்.

அப்படி அதில் போடவில்லை.